பட்டாணி நட்ட அச்சுக்காரர்

(இரண்டாம் ஆண்டு, அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு மாணவி)



ஆண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று பேரவைச் செயலாளர் அண்ணன் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டார். காமராஜர், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் என்று எல்லாரும் பேர் கொடுத்துவிட்டார்கள். கடைசி பெஞ்சு வரைக்கும் வந்தபோது நான் தாதாசாகேப் பால்கே என்றேன். சினிமாக்காரரா என்று ஒரே சிரிப்பு. சினிமாக்காரர் அப்புறம்தான் அண்ணா, அதுக்கு முன்னாடி அவர் நம்ம டிபார்ட்மெண்ட் ஆளு என்று சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் கதைக்கு முன்னால் என் கதை கொஞ்சம். நான் கொல்லிமலைப் பெண். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேட்டில் இறங்கி, அங்கிருந்து உள்ளே நடக்க வேண்டும். எங்களுக்குக் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு, வீட்டைச் சுற்றி நாலு பலா. எங்க வீட்டில் பத்தாவது தாண்டினது நான்தான் முதல். அச்சுத் தொழில்நுட்பம் என்றால் என்ன என்று தெரிந்து ஒன்றும் நான் சேரவில்லை. அட்மிஷனில் கிடைத்தது, சேர்ந்தேன்.

போன வருஷ லீவில் பயிற்சிக்காக ஓர் ஆப்செட் அச்சகத்துக்குப் போனேன். முகூர்த்த சீசன். மிஷின் ராத்திரி பகலாக ஓடும் என்று நினைத்துப் போனால், பாதி நேரம் உறை போட்டு மூடிக் கிடந்தது. முன்பெல்லாம் ஐநூறு பத்திரிகை அடித்தவர்கள் இப்போது நூறு போதும் என்கிறார்களாம். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அசையும் பத்திரிகை வேண்டுமாம்! பிள்ளையார் வரணும், தோரணம் ஆடணும், மாப்பிள்ளை பெண் பேர் பூவிலிருந்து எழுந்து வரணும். முதலாளி என்னைப் பார்த்து, டிப்ளமா படிக்கிறாயே, இது வருமா என்று கேட்டார். வராது என்று சொன்னேன். அன்றைக்கு பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறும்போது வயிறு புரட்டினது வளைவினால் மட்டும் இல்லை. அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து என்னைப் படிக்க அனுப்பின தொழில், நான் முடித்து வருவதற்குள் பழசாகிவிடும் போலிருந்தது.

அந்த அசைகிற வேலைக்குப் பேர்தான் மோஷன் கிராபிக்ஸ். எழுத்து, கோடு, படம், வண்ணக் கட்டம் என்று காகிதத்தில் சும்மா கிடப்பதைத் திரையில் நடக்க வைப்பது. டி.வி. செய்தியில் அடியில் ஓடும் பட்டை, சினிமா டைட்டில், யூடியூபில் பாட்டு வரி வார்த்தை வார்த்தையாக வருவது எல்லாம் அதில் சேர்த்தி. ஜான் விட்னி என்ற அமெரிக்கர் 1960-ல் தொடங்கின கம்பெனிக்கே இந்தப் பேரைத்தான் வைத்தார். அதற்கு முன்னாலேயே 1955-ல், போஸ்டர் வரைந்து கொண்டிருந்த சால் பாஸ் என்பவர், வெறும் காகிதப் பட்டைகளை நகர்த்தி ஒரு சினிமாவுக்கு டைட்டில் செய்து பேர் வாங்கினார். இப்போது போஸ்டர், பத்திரிகை, அட்டை டிசைன் செய்கிற வேலைக்கு ஆள் கேட்டாலும், அசைவும் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள் என்று சீனியர் அக்காமார் சொல்கிறார்கள். லீவு முடிந்து வந்து இதையெல்லாம் எங்கள் ஆசிரியரிடம் புலம்பினேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நூலகத்தில் பால்கே பற்றித் தேடிப் படி என்று மட்டும் சொன்னார்.

படித்தேன். இனி அவர் கதை.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870 ஏப்ரல் 30 அன்று, நாசிக்குக்குப் பக்கத்தில் திரியம்பகம் என்ற கோயில் ஊரில் பிறந்தார். தாதாசாகேப் என்பது பிற்பாடு மரியாதையாக ஒட்டிக்கொண்ட பேர். அப்பா சமஸ்கிருத பண்டிதர். பையனுக்குச் சித்திரத்திலும் நாடகத்திலும்தான் கண். 1885-ல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து பரோடா. பரோடா மகாராஜா சாயாஜிராவ் 1890-ல் கலாபவன் என்று ஒரு தொழில் பள்ளி திறந்திருந்தார். பேராசிரியர் கஜ்ஜர் அதன் தலைவர். கையால் செய்யும் தொழிலைப் பாடமாக வைத்துச் சொல்லித்தரும் இடம். அதாவது நம்ம பாலிடெக்னிக்குக்குத் தாத்தா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்! பால்கே அங்கே ஓவியம், மண் உருவம் செய்வது, கட்டட வரைபடம், போட்டோ, அச்சு பிளாக் என்று எதையும் விடவில்லை. இத்தனை கற்றும் ஒன்றிலும் நிலைக்காத ஆள் என்று சொந்தக்காரர்கள் நிச்சயம் பேசியிருப்பார்கள். பேசாத சொந்தக்காரர் உலகத்தில் உண்டா?

படிப்பு முடித்து கோத்ராவில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். கேமரா ஆளின் உயிரை உறிஞ்சிவிடும் என்று ஜனங்கள் பயந்த காலம். (சிரிக்காதீர்கள். ஆதார் அட்டைக்குப் போட்டோ எடுக்கப் போனபோது எங்க பாட்டி கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. திறக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.) 1900-ல் அந்த ஊரில் பிளேக் வந்து, மனைவியும் குழந்தையும் போய்விட்டார்கள். ஸ்டுடியோவை மூடிவிட்டுக் கிளம்பினார். அடுத்த வருஷங்களில் பல வேலை. மந்திர வித்தை கற்று, தன் பேரையே திருப்பிப் போட்டு கேல்பா என்று மேடை ஏறினார். 1902-ல் மறுமணம். அந்த அம்மாள் பேர் சரஸ்வதிபாய். இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். தொல்பொருள் துறையில் வரைபடக்காரராகவும் போட்டோ எடுப்பவராகவும் கொஞ்ச காலம் சம்பளத்துக்கு இருந்தார். அதையும் விட்டார்.

விட்டுவிட்டு வந்தது எங்கே என்றால், அச்சகத்துக்கு! நம்ம வீடுகளில் மாட்டியிருக்கும் லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கெல்லாம் மூலம் ரவி வர்மா அச்சகம். லோனாவாலாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த அச்சகத்துக்குப் போட்டோ லித்தோ வேலை செய்து கொடுத்தார் பால்கே. பிறகு பங்குதாரரோடு சேர்ந்து சொந்த அச்சகம். 1909-ல் கலர் அச்சு மிஷின் வாங்க ஜெர்மனிக்கே போய் வந்தார். அந்தக் காலத்தில் கலர் படம் என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் லட்சுமிக்கு நாலு கண் வந்துவிடும். நம்ம லேபில் ரெஜிஸ்டர் அவுட் என்று திட்டு வாங்குகிறோமே, அதேதான். அந்தக் கண்ணும் கையும் பால்கேவுக்குப் பழகினது இந்த வருஷங்களில்தான். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் வித்து என்பது என் அபிப்பிராயம்.

தொழில் நன்றாக வந்தபோது பங்குதாரர்களோடு மனஸ்தாபம். வெளியே வந்துவிட்டார். வயது 41, குழந்தைகள், கையில் காசு இல்லை. 1911 ஈஸ்டர் சமயத்தில் பம்பாய் கிர்காமில் ஏசுநாதர் வாழ்க்கையைப் படமாகக் காட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, திரையில் கிருஷ்ணரும் ராமரும் நடந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. அவ்வளவு நாள் கல்லில் இருந்து காகிதத்துக்கு ஏற்றின சாமி இப்போது நடக்க வேண்டும்! அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் இல்லை. விளையாட்டு புரொஜெக்டர் ஒன்றை வாங்கி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுவரில் ஓட்டினார். நாள் தவறாமல் படம் பார்த்தார், கிடைத்த புத்தகமெல்லாம் படித்தார். சில மாசத்தில் கண் பார்வை போய்விட்டது. வைத்தியம் பார்த்து, பல கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுத்தான் திரும்பி வந்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் பார்க்கும் ஹாஸ்டல் தோழியருக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்து, 1912 பிப்ரவரியில் கப்பலேறி லண்டன் போனார். தெரிந்தவர் யாரும் கிடையாது. பயாஸ்கோப் என்ற சினிமாப் பத்திரிகையின் அலுவலகத்துக்கு நேராகப் போய் ஆசிரியரைப் பார்த்தார். அவர் வழியாக செசில் ஹெப்வொர்த் என்பவரின் ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. வில்லியம்சன் கேமரா, பிலிமில் ஓட்டை போடும் கருவி, பிரிண்ட் போடும் கருவி வாங்கிக்கொண்டு ஏப்ரலில் பம்பாய் வந்து சேர்ந்தார். இரண்டு மாசத்துக்குள் எல்லாம் முடிந்தது. நமக்கெல்லாம் ஒரு செமஸ்டருக்கு ஆறு மாசம் தருகிறார்கள்.

இனிமேல்தான் பட்டாணி வருகிறது.

படம் எடுக்கப் பணம் வேண்டும். கொடுக்கிறவர்கள் நம்ப வேண்டும். நடிகர் இல்லை, செட் இல்லை. பால்கே என்ன செய்தார் தெரியுமா? ஒரு தொட்டியில் பட்டாணி விதையை நட்டு, அதற்கு முன்னால் கேமராவை ஆடாமல் நிறுத்தி, ஒரு மாசத்துக்கு மேல் விட்டு விட்டு ஒவ்வொரு பிரேமாக எடுத்தார். ஓட்டிக் காட்டினபோது, ஒரு நிமிஷத்துக்குள் விதை வெடித்து, முளை எழும்பி, செடி ஆடிக்கொண்டு வளர்ந்தது. பார்த்தவர்கள் கடன் கொடுக்க முன்வந்தார்கள்.

தினம் ஒரு பிரேம் எடுத்தார் என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. மௌனப் படம் வினாடிக்கு சுமார் 16 பிரேம் ஓடும். ஒரு நிமிஷத்துக்கு 960 பிரேம். தினம் ஒன்று என்றால் ஒரு மாசத்தில் 30 பிரேம், இரண்டு வினாடி கூட வராது. ஆக, நாளைக்கு 32 தடவையாவது அந்த மனிதர் தொட்டி முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். குளிக்கப் போகும் முன்னே ஒன்று, சாப்பிட்டுவிட்டு ஒன்று.

நானும் அரைப் பரீட்சை லீவில் வீட்டில் செய்து பார்த்தேன். தேங்காய்த் தொட்டியில் மண் போட்டு மொச்சை விதை நட்டேன். மூங்கிலில் ஒரு கவட்டை செய்து, சீனியர் அக்காவிடம் கடன் வாங்கின பழைய போனை அதில் கட்டினேன். ஒன்பதாவது நாள் கோழி முளையைத் தின்றுவிட்டது. மறுபடி நட்டேன். இந்தத் தடவை கோழிக்கு வேலி போட்டேன், மூடுபனிக்கு என்ன வேலி போடுவது? கொல்லிமலையில் மார்கழி மாசம் காலையில் வெள்ளைத் துணி போர்த்தின மாதிரி இருக்கும், பதினோரு மணிக்குப் பளீர் என்று வெயில். ஓட்டிப் பார்த்தால் செடி வளர்வதை விட வெளிச்சம்தான் அதிகமாகக் கண் சிமிட்டுகிறது. பாதி படங்களில் கவட்டை அசைந்து, தொட்டி இங்கும் அங்கும் குதிக்கிறது. சுத்தமான ரெஜிஸ்டர் அவுட்! எல்லாம் சேர்த்து 20 வினாடி. ஆனால் ஓர் இடத்தில் மூன்று வினாடி மட்டும் நன்றாக வந்தது. முளை தலையைக் குனிந்திருந்து மெதுவாக நிமிர்ந்து, வாசல் பக்கம் திரும்புகிறது. அம்மா அதை ஏழெட்டுத் தடவை போடச் சொல்லிப் பார்த்தார். வருஷா வருஷம் மொச்சை போடுகிறவர், இது இப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாதே என்றார். தோட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பட்டாணி கடன் வாங்கித் தந்தது, ஆனால் முழுப் படத்துக்குப் போதவில்லை. சரஸ்வதிபாய் தன் நகைகளைக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. வெளிநாட்டில் இருந்து வந்த பிலிம் ஓட்டை இல்லாமல் வெறும் நாடாவாக வரும். இருட்டறையில் உட்கார்ந்து இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட வேண்டும். அந்த வேலை அவருடையது. அந்த ஓட்டை நேராக இருந்தால்தான் ஒவ்வொரு பிரேமும் முந்தின பிரேம் நின்ற அதே இடத்தில் வந்து நிற்கும். இல்லாவிட்டால் ராஜாவின் தலை திரையில் துள்ளும். ஒரு பிரேமுக்கு ஒரு பக்கம் நாலு, இரண்டு பக்கமும் எட்டு ஓட்டை. ராஜா ஹரிச்சந்திரா 3,700 அடி. ஒரு அடிக்கு 16 பிரேம் வீதம் 59,200 பிரேம். அப்படியானால் 4,73,600 ஓட்டை! இது திரையில் ஓடின நீளத்துக்கு மட்டும். கருவி இருந்தாலும் இருட்டில் பிலிமை நேராகப் பிடித்துக் கொடுத்த கை அவருடையது. பகலில் படக்குழு முழுவதற்கும் சமையல். வெயிலைத் திருப்ப வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். பிலிம் கழுவும் வேலையையும் கற்றுக்கொண்டார். பால்கே இந்திய சினிமாவின் தந்தை என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. தாய் யார் என்று ஒரு மார்க் கேள்வி கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

தாராமதி வேஷத்துக்குப் பெண் யாரும் வரவில்லை. ஓட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞரைப் பிடித்துச் சேலை கட்டினார்கள். 1913 மே 3 அன்று பம்பாய் கரோனேஷன் தியேட்டரில் படம் வெளியானது. இந்தியர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் என்று அதைச் சொல்கிறார்கள். அதற்குப் பின் வந்த வெற்றிகளை எல்லாரும் எழுதியிருப்பதால் வேகமாகத் தாண்டுகிறேன். நாசிக்குக்கு மாறினார். 1917-ல் லங்கா தகனம் வந்தது. ராமர், சீதை இரண்டு வேஷமும் அதே சாளுங்கேதான். மெட்ராஸில் வசூலான சில்லறையை மாட்டு வண்டியில் போலீஸ் காவலோடு கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். 1919-ல் காளிய மர்த்தனத்தில் கிருஷ்ணராக நடித்தது அவருடைய சின்ன மகள் மந்தாகினி. மகனை மகளாக்கின காலம் போய், மகள் சாமியாகிவிட்டாள்!

எனக்குப் பிடித்தது இதற்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னப் படம். 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் பணம் போடுகிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பெரிய படம் எடுக்க வழியில்லை. 1915-ல் பால்கே தீக்குச்சிகளை எடுத்தார். ஒரு குச்சியை நகர்த்தி ஒரு பிரேம், இன்னொன்றை நகர்த்தி ஒரு பிரேம். குச்சிகள் தாமாகவே சேர்ந்து உருவமாகி ஆடின. பிரான்சில் எமில் கோல் என்ற கேலிச்சித்திரக்காரர் 1908-லேயே இந்த வித்தையைச் செய்திருந்தார். அவரும் காகிதத்தில் இருந்து திரைக்குப் போனவர்தான். பால்கே படத்தின் பேர் ஆக்காட்யாஞ்சி மௌஜ், தீக்குச்சிகளின் வேடிக்கை என்று அர்த்தம். நாணயங்களை வைத்தும் இதே மாதிரி ஒன்று செய்தார். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் லேயர், கீபிரேம் என்று செய்வதை அவர் விரல் நுனியால் செய்திருக்கிறார். காசு இல்லாத காலத்தில் கையில் இருந்தது தீப்பெட்டி, அவ்வளவுதான்.

கடைசிக் காலம் நன்றாக இல்லை. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டம் இல்லை. கம்பெனிப் பங்குதாரர்களோடு மறுபடி சண்டை, காசிக்குப் போனார், நாடகம் எழுதினார், திரும்பி வந்தார். 1931-ல் படம் பேச ஆரம்பித்துவிட்டது. அந்த வருஷம் மார்ச்சில் ஆலம் ஆரா, அக்டோபரில் நம்ம காளிதாஸ். பால்கே எடுத்து வைத்திருந்த சேதுபந்தனம் மௌனப் படம். அதற்குப் பிறகு குரல் ஒட்ட வேண்டியதாயிற்று. 1937-ல் கோலாப்பூரில் கங்காவதரணம் என்று ஒரே ஒரு பேசும் படம் எடுத்தார். அதோடு சரி. 41 வயதில் அச்சிலிருந்து அசையும் படத்துக்குத் தாவினவரால் அறுபதுக்கு மேல் ஓசைக்குத் தாவ முடியவில்லை. ஒரு தடவை மாறிவிட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். இந்த இடத்தைப் படித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கையில் ஒன்றும் பெரிதாக இல்லாமல் 1944 பிப்ரவரி 16 அன்று நாசிக்கில் காலமானார். 1969-ல் அவர் பேரில் மத்திய அரசு விருது வந்தது. நம்ம சிவாஜி கணேசன், பாலசந்தர், ரஜினிகாந்த் எல்லாரும் வாங்கினார்கள்.

ராஜா ஹரிச்சந்திராவில் மிஞ்சின பாகங்கள் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தீக்குச்சிப் படம் கிடைக்கவில்லை, அழிந்துபோயிற்று.

அதனால் ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று செய்திருக்கிறோம். இந்த மலரை மேடையில் வெளியிடும்போது பின்னால் திரையில் மலரின் பேர் தீக்குச்சிகளால் எழுந்து வரும். வினாடிக்கு 12 பிரேம், மொத்தம் 12 வினாடி, 144 தடவை குச்சி நகர்த்தியிருக்கிறோம். குச்சிகளின் மருந்துத் தலையைக் கிள்ளிப் போட்டால்தான் அறைக்குள் விடுவேன் என்று வார்டன் மேடம் சொல்லிவிட்டார், அதனால் எல்லாம் மொட்டைக் குச்சிகள். பிரேம் ஆடாமல் இருக்கத் தரையில் அச்சு மிஷின் பிளேட்டுக்குப் போடுகிற மாதிரி ரெஜிஸ்டர் குறி போட்டுக்கொண்டோம். 97-வது பிரேமில் மட்டும் யாரும் தொடாமலே ஒரு குச்சி இடது பக்கம் துள்ளும். பேனை நிறுத்த மறந்துவிட்டோம். எடுத்துவிடலாம் என்று பார்த்தோம், பிறகு அப்படியே விட்டுவிட்டோம். கூர்ந்து பார்த்தால் தெரியும், ஒன்பதாவது வினாடி.